அட்டவணை முதல், வரைபடம் பிறகு

எளிய எழுத்துக் கோப்பில் குறிப்பெழுதும் பழக்கத்துக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிக்கும் தங்கைக்கும் இதை எழுதுகிறேன். ஈமாக்ஸ் என்ற உரைத்தொகுப்பியும் அதற்குள் இயங்கும் ஆர்க் மோடும் உன் கணினியில் இருக்கின்றன என்று வைத்துக்கொள்கிறேன். ஆர்க் மோடை 2003-இல் தொடங்கியவர் கார்ஸ்டன் டோமினிக். ஆம்ஸ்டர்டாமில் பணியாற்றிய வானியலாளர். குறிப்புகளையும் வேலைப் பட்டியல்களையும் ஒழுங்காக வைத்துக்கொள்ளத் தொடங்கிய கருவி, இன்று அட்டவணை போடும், அதற்குள் கணக்குப் போடும், வரைபடமும் போடும். வரைவதற்கு மட்டும் தன்னைவிட மூத்த ஒருவரைக் கூப்பிட்டுக்கொள்ளும். 1986-இல் தாமஸ் வில்லியம்ஸும் காலின் கெல்லியும் தொடங்கிய க்னூப்ளாட்தான் அந்த மூத்தவர்.

விசைகளின் பெயர்களையும் கட்டளைச் சொற்களையும் இங்கே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்.

1. அட்டவணையே அசல் என்று நினை.

விரிதாளில் பழகியவர்கள் வரைபடத்தை இழுத்துப் பெரிதாக்குவார்கள், நிறம் மாற்றுவார்கள், கடைசியில் படமாக வெட்டி அறிக்கையில் ஒட்டுவார்கள். ஆறு மாதம் கழித்து ஓர் எண் தவறென்று தெரிந்தால், அந்தப் படம் எந்தக் கோப்பின் எந்தத் தாளிலிருந்து வந்தது என்று தேடி அலைய வேண்டும். எழுத்துக் கோப்பில் அந்த அலைச்சல் கிடையாது. எண்கள், அவற்றைப் பற்றிய உன் குறிப்பு, வரையச் சொல்லும் கட்டளை மூன்றும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து நிற்கும். எண்ணைத் திருத்தி விசையை அழுத்தினால் புதுப் படம் வந்துவிடும். ஆகவே படத்தைக் காப்பாற்ற மெனக்கெடாதே, அட்டவணையைக் காப்பாற்று. கீழே சொல்லப்போவதெல்லாம் இந்த ஒன்றிலிருந்து கிளைப்பவைதாம்.

2. சராசரி போதும் என்று வரையாமல் விட்டுவிடாதே.

பிரான்சிஸ் ஆன்ஸ்கோம் என்ற புள்ளியியலாளர் 1973-இல் நான்கு சிறு அட்டவணைகளை வெளியிட்டார். ஒவ்வொன்றிலும் 11 இணை எண்கள். நான்கிலும் முதல் நெடுவரிசையின் சராசரி 9, இரண்டாவதின் சராசரி 7.5. இரண்டுக்கும் உள்ள ஒட்டுறவுக் கெழு நான்கிலும் ஏறத்தாழ 0.816. பொருத்திப் பார்க்கும் நேர்கோடும் ஒன்றேதான். கணக்கை மட்டும் பார்ப்பவர் நான்கும் ஒரே சரக்கு என்றுதான் சொல்வார்.

வரைந்தால் கதை மாறுகிறது. முதலாவதில் புள்ளிகள் ஒரு கோட்டைச் சுற்றிச் சிதறி நிற்கின்றன. இரண்டாவது வளைந்து ஏறி இறங்குகிறது. மூன்றாவதில் பத்துப் புள்ளிகள் நேர்கோட்டில் நிற்க, ஒரு புள்ளி மட்டும் விலகி நின்று கோட்டைத் தன் பக்கம் இழுக்கிறது. நான்காவதில் பத்துப் புள்ளிகளும் 8 என்ற ஒரே இடத்தில் செங்குத்தாக நிற்க, 19-இல் தனித்து நிற்கும் ஒன்றே கோட்டின் சாய்வைத் தீர்மானிக்கிறது. இந்த நான்கு அட்டவணைகளும் பொதுவில் கிடைக்கின்றன. உன் கையால் ஒருமுறை தட்டி வரைந்து பார். எதற்காக வரைகிறோம் என்பதை அதன் பிறகு யாரும் உனக்கு விளக்க வேண்டியதில்லை.

3. ஏழெட்டு வரியில் தொடங்கு.

பழகுவதற்குச் சின்ன அட்டவணை, அதிலும் விடை ஓரளவு தெரிந்த அட்டவணை நல்லது. தமிழ்நாட்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு எண்களை எடுத்துக்கொள்வோம். வரியின் தொடக்கத்தில் ஒரு செங்குத்துக் கோடு போட்டு, தலைப்பை எழுதி, மறுபடி கோடு போட்டு டேப் விசையை அழுத்து. ஆர்க் தானே கட்டங்களைச் சீராக்கும். தலைப்புக்குக் கீழே ஒரு செங்குத்துக் கோடும் ஒரு சிறு கோடும் போட்டு டேப்பை அழுத்தினால், குறுக்குக் கோடு முழு நீளத்துக்கும் ஓடிவிடும்.

| ஆண்டு | மக்கள்தொகை (லட்சம்) |
|---|---|
| 1951 | 301.2 |
| 1961 | 336.9 |
| 1971 | 412.0 |
| 1981 | 484.1 |
| 1991 | 558.6 |
| 2001 | 624.1 |
| 2011 | 721.5 |

குறுக்குக் கோடு அழகுக்கு இருப்பதன்று. அதற்கு மேலே இருப்பது தலைப்பு, கீழே இருப்பது தரவு என்று ஆர்க் பிரித்தறிவது அதை வைத்துத்தான். வரைபடத்தில் கோடுகளுக்குப் பெயர் போடுவதும் அந்தத் தலைப்பிலிருந்துதான். தலைப்பில்லாத அட்டவணையை எழுதியவரே மூன்று மாதம் கழித்து வாசிக்க முடியாது.

4. எண்ணுக்குரிய கட்டத்தில் எண் மட்டுமே இருக்கட்டும்.

புதியவர்களுக்கு வரைபடம் வராமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம் க்னூப்ளாட் அன்று, கட்டத்துக்குள் எண்ணோடு ஒட்டிக்கொண்டு வந்த வேறு ஏதோ ஒன்று. "301.2 லட்சம்" என்று எழுதினால் அது எண் இல்லை, சொல். நம் வழக்கப்படி 3,01,19,047 என்று காற்புள்ளி போட்டாலும் ஆர்க்கின் கண்ணுக்கு அது சொல்லாகத் தெரியும். ரூபாய்க் குறி, "சுமார்", கேள்விக்குறி எல்லாமே அப்படித்தான். அலகைத் தலைப்பில் எழுது. ஐயம் இருந்தால் "குறிப்பு" என்று தனி நெடுவரிசை திறந்து அங்கே எழுது. காற்புள்ளியை அறவே விடு.

ஓர் அடையாளம் சொல்கிறேன். ஒரு நெடுவரிசையில் பெரும்பாலானவை எண்களாக இருந்தால், ஆர்க் அதை வலப்பக்கம் ஒட்டி அடுக்கும். எண் நெடுவரிசை என்று நீ நினைப்பது இடப்பக்கம் ஒட்டி நின்றால், உள்ளே ஏதோ சரியில்லை. ஒன்றிரண்டு கட்டங்கள் மட்டும் கெட்டிருந்தால் இந்த அடையாளம் காட்டிக்கொடுக்காது. அதற்கு அரிசியில் கல் பொறுக்குவதைப் போலக் கண்ணால் ஒருமுறை ஓட்டித்தான் ஆக வேண்டும்.

5. முதல் பார்வைக்கு எழுத்துப் பட்டையே போதும்.

க்னூப்ளாட் இன்னும் நிறுவவில்லையா? பரவாயில்லை. மக்கள்தொகை நெடுவரிசையில் கர்சரை வைத்து, கண்ட்ரோல்-சி, பிறகு இரட்டை மேற்கோள் குறி, பிறகு ஏ என்று அழுத்து. அட்டவணையில் ஒரு புது நெடுவரிசை முளைக்கும். அதில் டபிள்யூ போன்ற எழுத்துகள் வரிசையாக நின்று, எண்ணின் அளவுக்கு ஏற்ற பட்டையாகும். வெறும் எழுத்து என்பதால் மின்னஞ்சலில் ஒட்டினாலும் பிழைக்கும்.

ஆனால் அந்தப் பட்டையை அப்படியே நம்பிவிடாதே. நம் அட்டவணையில் போட்டுப் பார்த்தால் 1951-க்கு எதிரே வெற்றிடம் இருக்கும், அந்த ஆண்டு தமிழ்நாட்டில் ஆளே இல்லாதது போல! நெடுவரிசையின் மிகச் சிறிய எண்ணை வெற்றுப் பட்டையாகவும் மிகப் பெரிய எண்ணை நிறைந்த பட்டையாகவும் கருவி எடுத்துக்கொண்டதுதான் காரணம். அட்டவணைக்குக் கீழே சூத்திர வரி ஒன்று தானாக வந்திருக்கும். அதில் 301.2, 721.5 என்ற இரண்டு எல்லைகளும் எழுதப்பட்டிருக்கும். முதல் எண்ணை 0 ஆக்கி, அந்த வரியில் கர்சரை வைத்துக் கண்ட்ரோல்-சியை இரண்டு முறை அழுத்து. இப்போது 1951-இன் பட்டை 2011-இன் பட்டையில் ஐந்தில் இரண்டு பங்குக்குச் சற்றுக் கூடுதலாக நிற்கும். அதுதான் உண்மை.

மேல் எல்லையும் அந்தச் சூத்திரத்தில் உறைந்து நிற்பதை மறக்காதே. பின்னால் பெரிய எண் ஒன்றைச் சேர்த்தால், பட்டைக்குப் பதில் எண் எல்லை மீறியது என்ற குறிப்பு வரும். அப்போது சூத்திரத்திலும் எல்லையை உயர்த்து.

6. கணக்கை அட்டவணையே போடட்டும்.

பத்தாண்டு வளர்ச்சி விகிதம் வேண்டுமென்றால் கைப்பேசியில் கணக்குப் போட்டு எண்ணைத் தட்டாதே. அப்படித் தட்டிய எண் எங்கிருந்து வந்தது என்பதற்குச் சாட்சி இல்லை. மூன்றாவதாக "வளர்ச்சி (விழுக்காடு)" என்றொரு நெடுவரிசை திற. அட்டவணைக்கு அடியில் ஹேஷ் குறி, கூட்டல் குறி, டிபிஎல்எஃப்எம், முக்காற்புள்ளி என்று தொடங்கும் வரியில் இந்தச் சூத்திரத்தை எழுது:

@3$3..@>$3=100*($2-@-1$2)/@-1$2

டாலர் குறி நெடுவரிசையையும் அட் குறி வரியையும் சுட்டும். தலைப்பே முதல் வரி, 1951 இரண்டாவது வரி. அதற்கு முந்தைய கணக்கெடுப்பு நம் அட்டவணையில் இல்லாததால், மூன்றாவது வரியான 1961-இலிருந்து கடைசி வரி வரை கணக்கிடச் சொல்கிறோம். கண்ட்ரோல்-சியை இரண்டு முறை அழுத்தினால் விடைகள் வரும். ஒரு தசமத்துக்குச் சுருக்கினால் 11.9, 22.3, 17.5, 15.4, 11.7, 15.6.

இங்கே பலர் விழும் குழி ஒன்று உண்டு. பள்ளியில் படித்தபடி, வித்தியாசத்தை முந்தைய எண்ணால் வகுத்துவிட்டுக் கடைசியில் 100-ஆல் பெருக்கலாம் என்று தோன்றும். ஆர்க்குக்காகக் கணக்குப் போடும் கால்க் என்ற பகுதியில் பெருக்கல் வகுத்தலைவிட முந்துரிமை உடையது. அ/ஆ*இ என்று எழுதினால் அதை அ/(ஆ*இ) என்றுதான் அது படிக்கும். விளைவு, விடை பத்தாயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்கும். ஒரு தசமத்தோடு பார்த்தால் நெடுவரிசை முழுதும் 0.0. வரைந்தால் பூஜ்ஜியத்தை ஒட்டிய தட்டைக் கோடு. பெருக்கலை முதலில் எழுது, அல்லது அடைப்புக்குறி போடு. ஒரு வரிக்காவது கையால் கணக்குப் போட்டுச் சரிபார்.

7. க்னூப்ளாட்டை அழைக்கும் வரியைச் சுருக்கமாக எழுது.

இரண்டு பொருள் தேவை. ஒன்று, கணினியில் க்னூப்ளாட் நிரல். இன்னொன்று, ஈமாக்ஸ் அதனோடு பேசுவதற்கான க்னூப்ளாட் தொகுப்பு. ஒன்று இருந்து மற்றொன்று இல்லாமல் தவிப்பவர்களே அதிகம். இரண்டையும் முதலில் உறுதிசெய்துகொள்.

பிறகு அட்டவணைக்கு நேர் மேலே ஒரு வரி. ஹேஷ், கூட்டல், ப்ளாட், முக்காற்புள்ளி என்று தொடங்கு. அதே வரியில் டைட்டில் என்று எழுதி மேற்கோளுக்குள் தலைப்பு. இன்ட் என்று எழுதி 1, அதாவது கிடை அச்சுக்கு முதல் நெடுவரிசை. டெப்ஸ் என்று எழுதி அடைப்புக்குள் 2, அதாவது வரைய வேண்டியது இரண்டாவது நெடுவரிசை. வித் என்று எழுதி லைன்ஸ், அதாவது கோடாக. ஒவ்வொரு சொல்லுக்கும் அதன் மதிப்புக்கும் நடுவே முக்காற்புள்ளி, இடைவெளி விடாமல். அட்டவணைக்குள் கர்சரை வைத்துக் கண்ட்ரோல்-சி, இரட்டை மேற்கோள், ஜி. சாளரம் திறந்து படம் வரும்.

டெப்ஸை எழுதாமல் விட்டால், கிடை அச்சைத் தவிர மற்ற எல்லா நெடுவரிசைகளையும் ஆர்க் வரையப் பார்க்கும். நீ சேர்த்து வைத்த குறிப்பு நெடுவரிசையும் அதில் மாட்டிக்கொள்ளும். எதை வரைய வேண்டும் என்பதை எப்போதும் வாய்திறந்து சொல்லிவிடு. வரி நீண்டுபோனால் இரண்டு மூன்று ப்ளாட் வரிகளாகப் பிரித்து அடுக்கலாம், எல்லாவற்றையும் சேர்த்தே படிக்கும்.

8. வேறு வேறு அளவுகளை ஒரே அச்சில் ஏற்றாதே.

மக்கள்தொகை நூற்றுக்கணக்கில், வளர்ச்சி விகிதம் பத்து இருபதில். இரண்டையும் ஒரே படத்தில் போட்டால், ஒன்று மேலே ஏறிக்கொண்டே போகும், மற்றொன்று தரையோடு தரையாகப் படுத்திருக்கும். அதைப் பார்ப்பவர் வளர்ச்சியில் மாற்றமே இல்லை என்று முடிவு கட்டுவார்.

தனித்தனியே வரைந்து பார். டெப்ஸில் 2 போட்டால் அறுபது ஆண்டுகளாக நிற்காமல் ஏறும் கோடு. 3 போட்டால் கதை வேறு. 1961-71 பத்தாண்டில் 22.3 என்ற உச்சம், அதற்குப் பிறகு மூன்று பத்தாண்டுகள் தொடர்ந்த இறக்கம், 1991-2001-இல் 11.7, அடுத்த பத்தாண்டில் மறுபடி 15.6. முதல் படத்தில் இந்த ஏற்ற இறக்கம் கண்ணுக்கே தெரியாது. இரண்டும் ஒரே ஏழு எண்களிலிருந்து பிறந்தவைதாம். எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறாயோ அந்த நெடுவரிசையை வரை.

9. கோடா, பட்டையா, புள்ளியா என்பதைத் தரவைக் கேட்டு முடிவு செய்.

காலத்தோடு தொடர்ந்து மாறும் ஒன்றுக்குக் கோடு. தனித்தனிப் பெயர்களை, அதாவது ஊர்களையோ பாடங்களையோ ஒப்பிடப் பட்டை. வித்தில் பாக்சஸ் என்று எழுது. இரண்டு அளவுகளுக்கு உறவு உண்டா என்று பார்க்கப் புள்ளி. பாயின்ட்ஸ் என்று எழுது. கோயம்புத்தூரையும் மதுரையையும் கோட்டால் இணைத்தால், நடுவில் எதுவோ ஏறி இறங்குவது போன்ற மயக்கம் வரும். அங்கே அப்படி எதுவும் இல்லை.

பட்டை வரையும்போது அச்சு பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கியே ஆக வேண்டும். பட்டையின் நீளத்தைத்தானே கண் ஒப்பிடுகிறது? அளவை க்னூப்ளாட்டின் விருப்பத்துக்கு விட்டால் அது 300-இல்கூடத் தொடங்கலாம். செட் என்று எழுதி, மேற்கோளுக்குள் ஒய்ரேஞ்ச் என்றும் அதனருகில் [0:] என்றும் போடு. கோட்டுப் படத்துக்கு இந்தக் கட்டாயம் இல்லை. அங்கே நாம் பார்ப்பது சாய்வை.

10. காலத்தின் இடைவெளியைச் சுருக்காதே.

கிடை அச்சில் ஆண்டை எண்ணாகக் கொடுத்தால் க்னூப்ளாட் உண்மையான தூரத்தில் வைக்கும். அதையே சொல்லாகக் கொடுத்தால் சம தூரத்தில் வரிசையாக அடுக்கிவிடும். நடுவில் ஓர் ஆண்டு இல்லாவிட்டால் அந்த இடைவெளியே மறைந்துபோகும்.

தேதி என்றால் 2024-03-09 என்று ஆண்டு, மாதம், நாள் வரிசையில் எழுது. சாதாரண எழுத்து வரிசையில் அடுக்கினாலும் கால வரிசை குலையாது. இன்டுக்குப் பதிலாக டைம்இன்ட் என்று சொல்லி, டைம்எஃப்எம்டியில் தேதியின் வடிவத்தைச் சொன்னால் அச்சும் காலமாக விரியும்.

11. இல்லாததை 0 என்று எழுதாதே. 0 என்று வந்ததை விட்டுவிடாதே.

2021-இல் கணக்கெடுப்பு நடக்கவில்லை. நம் அட்டவணையில் அந்த ஆண்டுக்கு 0 போட்டால் கோடு தரையில் விழும். ஊகித்து ஓர் எண் போட்டால், அது ஊகம் என்பதைப் படம் சொல்லாது. அந்த வரியே வேண்டாம், காரணத்தை அட்டவணைக்குக் கீழே எழுது.

இதன் மறுபக்கம் இன்னும் ஆபத்தானது. "ஒன்றும் நடக்கவில்லை" என்பதும் ஒரு பதிவுதான். 1986 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் சேலஞ்சர் விண்ணோடம் வெடித்து ஏழு பேர் இறந்தார்கள். கடுங்குளிரில் உந்துகலனின் ரப்பர் வளையங்கள் தாங்குமா என்று முந்தின இரவே பொறியாளர்கள் விவாதித்தார்கள். வளையம் சேதமடைந்த பறத்தல்களை மட்டும் வைத்துப் பார்த்தபோது வெப்பநிலைக்கும் சேதத்துக்கும் உறவு தெளிவாகத் தெரியவில்லை. சேதமே இல்லாத பறத்தல்களையும் சேர்த்துப் பார்த்த விசாரணை ஆணையம் எழுதியது இது: 66 டிகிரி ஃபாரன்ஹீட்டோ அதற்கு மேலோ இருந்த 20 பறத்தல்களில் 3-இல்தான் சேதம். 63 டிகிரியோ அதற்குக் கீழோ இருந்த 4 பறத்தல்களில் நான்கிலுமே சேதம். அந்தத் தகவல் முழுவதும் முன்பே கையில் இருந்தது. சேதமில்லாத வரிகளைத் தள்ளிவைத்ததால் கண்ணில் படாமல் போனது.

உன் அட்டவணையில் பூஜ்ஜிய வரிகள் அலுப்பூட்டும். அலுத்தாலும் எழுது.

12. தமிழில் பெயரிடு, எழுத்து சிதறாமல் பார்த்துக்கொள்.

தமிழ்த் தலைப்புகள் தாராளமாகப் போடலாம். இரண்டு தொல்லைகள் வரும். ஒன்று, தமிழ் எழுத்துகள் ஒரே அகலம் உடையவை அல்ல. அதனால் அட்டவணையின் செங்குத்துக் கோடுகள் திரையில் நேராக நிற்காது. தரவு கெடவில்லை, பார்வைக்கு மட்டும்தான் கோணல். வி-அலைன் என்ற தொகுப்பை நிறுவினால் கோடுகள் நேராகும். இன்னொன்று, பிஎன்ஜி படமாக எடுக்கும்போது ஒகரமும் ஐகாரமும் துண்டு துண்டாகச் சிதறக்கூடும். ஃபைல் என்ற விருப்பத்தில் கோப்பின் பெயரை எஸ்விஜி என்று முடித்தால், எழுத்து எழுத்தாகவே சேமிக்கப்படும். உலாவியில் திறந்தால் சரியாகத் தெரியும். எண்களை மட்டும் வழக்கமான 1, 2, 3 இலக்கங்களிலேயே எழுது.

13. எழுத்துக் கோப்பின் வரலாற்றைச் சேமி.

உன் குறிப்புக் கோப்பை கிட் போன்ற பதிப்புக் கண்காணிப்பில் வை. எந்த நாளில் எந்த எண் எதுவாக மாறியது என்று ஒரு வரியில் காட்டும். படக் கோப்பில் அப்படிப் பார்க்க முடியாது, பழையதும் புதியதும் வேறு என்பது மட்டுமே தெரியும். படத்தை அட்டவணைக்குக் கீழே இணைப்பாகப் போட்டு, கண்ட்ரோல்-சி, கண்ட்ரோல்-எக்ஸ், கண்ட்ரோல்-வி அழுத்தினால் அங்கேயே திரையில் விரியும். எண்ணை மாற்றிய பிறகு படத்தை மறுபடி வரைய மறக்காதே. புது எண்ணும் பழைய படமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பது எந்தப் படமும் இல்லாததைவிட மோசம்.

14. ஓர் அட்டவணையிலிருந்து பல படங்கள் வேண்டுமென்றால் அதற்குப் பெயர் வை.

ப்ளாட் வரி ஒரு நேரத்தில் ஒரு படத்துக்குத்தான். மக்கள்தொகைக்கும் வளர்ச்சிக்கும் இரண்டு படங்கள் நிலையாக வேண்டுமென்றால், அட்டவணையின் மேல் நேம் என்ற வரியில் ஒரு பெயர் கொடு. கீழே இரண்டு நிரல் துண்டுகள் எழுது. ஒவ்வொன்றும் அந்தப் பெயரைச் சொல்லி அதே அட்டவணையை எடுத்துக்கொள்ளும். இந்த வசதிக்குப் பேபல் என்று பெயர். க்னூப்ளாட் மட்டுமன்றி பைத்தான், ஆர் மொழிகளிலும் எழுதலாம். அட்டவணையை நகலெடுத்து இரண்டாக வைத்துக்கொள்ளாதே. நகல் இருந்தால் ஒருநாள் இரண்டும் வேறு வேறு எண் சொல்லும்.

நிரலை ஓட்டுமுன் ஈமாக்ஸ் "ஓட்டலாமா?" என்று கேட்கும். தொல்லையாக இருக்கிறதென்று அந்தக் கேள்வியை அணைத்துவிடாதே. வேறொருவர் தந்த கோப்பைத் திறக்கும் நாளில் அது உன்னைக் காக்கும்.

15. அலங்காரத்தைக் குறை.

டைப் என்ற விருப்பத்தில் முப்பரிமாணமும் உண்டு, சிலந்திவலை போன்ற ரேடார் படமும் உண்டு. ஏழு எண்களுக்கு அவை வேண்டாம். வட்ட விளக்கப்படம் அந்த வகைகளில் இல்லை. அதை ஒரு குறையாக நினைக்காதே. கோட்டுப் படத்தையும் பட்டைப் படத்தையும் 1786-இல் பொருளாதார எண்களுக்குப் பயன்படுத்திக் காட்டிய வில்லியம் பிளேஃபேர்தான் 1801-இல் வட்டப் படத்தையும் போட்டார். ஆனால் 1984-இல் கிளீவ்லாந்து, மெக்கில் என்ற இரு ஆய்வாளர்கள் ஆட்களை வைத்துச் சோதித்தபோது, ஒரே அளவுகோலில் நிற்கும் இடங்களை ஒப்பிடுவதில் கண் துல்லியமாகவும், கோணங்களை ஒப்பிடுவதில் அதைவிடத் தடுமாற்றமாகவும் இருந்தது. எளிய கோடும் எளிய பட்டையும் பழைய பாணி என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு உன் வேலையைப் பார்.

16. எல்லை தெரிந்து வைத்துக்கொள்.

ஆர்க் அட்டவணை கையால் எழுதி, கண்ணால் படித்து, பக்கத்தில் குறிப்பெழுதும் அளவுக்கு உரியது. ஆயிரக்கணக்கான வரிகள் சேர்ந்தால் ஒவ்வொரு டேப்புக்கும் ஈமாக்ஸ் திணறும். அவ்வளவு பெரிய தரவைத் தனிக் கோப்பில் வைத்து, நிரலால் சுருக்கி, சுருங்கிய இருபது முப்பது வரிகளை மட்டும் குறிப்புக்குக் கொண்டு வா. மூலக் கோப்பின் பெயரையும் சுருக்கிய முறையையும் மேலே இரண்டு வரியில் எழுது.

17. படத்தின் கீழ் ஒரு வாக்கியம் எழுது.

இதை மட்டும் யாரும் செய்வதில்லை. படம் வந்ததும் மகிழ்ந்து மூடிவிடுகிறார்கள். எழுத்துக் கோப்பில் படம் போடுவதன் முழுப் பயனே, அதற்குக் கீழே கர்சர் காத்திருப்பதுதான். "1971-க்குப் பிறகு மூன்று பத்தாண்டுகள் வளர்ச்சி விகிதம் குறைந்தது; 2001-11-இல் மறுபடி கூடியது. இடம்பெயர்ந்து வந்தவர்களின் பங்கு எவ்வளவு என்று பார்க்க வேண்டும்." இவ்வளவு போதும். பார்த்தது ஒரு வரி, அடுத்த கேள்வி ஒரு வரி. அந்தக் கேள்விக்கான விடை நாளைக்கு இன்னொரு நெடுவரிசையாக அதே அட்டவணையில் வந்து சேரும்.

எழுத உட்கார்ந்து ஒரு வாக்கியம்கூட வரவில்லையென்றால் அந்தப் படத்தால் பயனில்லை. யோசிக்காமல் அழித்துவிடு. அட்டவணை இருக்கும்வரை எதுவும் தொலைந்துபோகாது.